காளிகாட் இறப்போர் இல்லம்: அது சேவையா, வெறும் காத்திருப்பா?

5 செப்டம்பர் 2023, மாலை. இழையைத் தொடங்கியவர் கேட்டது:

இன்று அன்னை தெரசாவின் நினைவு நாள் என்பதால் காலையிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் புகழ்மாலைதான். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. கொல்கத்தாவில் அவர் தொடங்கிய காளிகாட் இல்லத்தில் புற்றுநோயாளிகளுக்குக்கூட வலுவான வலி மருந்து கொடுக்கவில்லை என்றும், மருத்துவர்கள் எப்போதாவதுதான் வந்தார்கள் என்றும், சாகக் கிடந்தவர்களுக்குத் திருமுழுக்கு (கிறிஸ்தவராக்கும் ஞானஸ்நானம்) கொடுத்தார்கள் என்றும் படித்திருக்கிறேன். கொல்கத்தாவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: அது சேவையா, ஏழைகளைச் சாவுக்காகக் காத்திருக்க வைத்த கூடமா? கடவுள் நம்பிக்கை இல்லாமலேயே இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாதா?

6 செப்டம்பர் 2023, காலை. என் பதில்:

1996 முதல் 2000 வரை வங்கி வேலையாகக் கொல்கத்தாவில் இருந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி என்பதால் முருங்கைக்காய்க்கும் காப்பிப் பொடிக்கும் குறை இருந்ததில்லை. அங்கிருந்து காளி கோயிலுக்குப் பத்து நிமிட நடைதான். கோயிலை ஒட்டியிருக்கும் அந்த இல்லத்தின் வாசலை நூறு முறையாவது கடந்திருப்பேன். உள்ளே போனது இரண்டே முறை, அதுவும் பார்வையாளனாக. ஆகவே அங்கே நோயாளிகளுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதற்கு நான் சாட்சி அல்ல. ஞாயிறுதோறும் நான் வேலை செய்தது நகரின் வடக்கே வேறொரு சபையினர் நடத்திய சிறிய இல்லத்தில். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் அந்த இல்லம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து வந்து கல்கத்தாத் தெருக்களில் விழுந்து செத்தவர்களின் நினைவு மறைவதற்குள் 1947இல் பிரிவினை வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் சியால்தா நிலையத்தின் நடைமேடைகளிலேயே குடித்தனம் செய்தார்கள். தெருவில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனால், பிழைக்கக்கூடியவருக்கே படுக்கை இல்லை என்று மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அந்த நிலையில்தான் தெரசா நகராட்சியாரிடம் ஓர் இடம் கேட்டார். கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்ட சத்திரம் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 1952 ஆகஸ்ட் 22 அன்று இல்லம் திறக்கப்பட்டது. அந்நாளில் கத்தோலிக்க நாட்காட்டியில் அது மரியாவின் மாசற்ற இதயத் திருநாள்; நிர்மல் ஹிருதய் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆக, மருத்துவமனை ஏற்காதவர்தான் அந்த இல்லத்துக்கு உரியவர். அதை மருத்துவமனையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது முறையல்ல என்பது என் கருத்து.

6 செப்டம்பர் 2023, இரவு

இரண்டு திருத்தங்கள். காலையில் எழுதியதில் "சபை பிறந்தது அங்கேதான்" என்று ஒரு வரி இருந்தது, நீக்கிவிட்டேன். தெரசா நிறுவிய அன்பின் பணியாளர் சபைக்கு ரோமின் அனுமதி கிடைத்தது 1950 அக்டோபர் 7 அன்று. காளிகாட் அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்கும் முன்னால், 1948 டிசம்பரில், மோத்திஜீல் சேரியில் மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் தொடக்கம்.

இரண்டாவது, பத்து நிமிட நடை என்றேன். அது அன்றைய என் முழங்காலின் கணக்கு.

9 செப்டம்பர் 2023

"மருத்துவமனையோடு ஒப்பிடக் கூடாது" என்று நான் சொன்னதை இரண்டு பேர் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் யோசித்தேன். நான் சொன்னதில் பாதிதான் நிற்கிறது.

சாகிறவர்களுக்கான இல்லம் என்று பெயர் இருந்தாலும், அங்கே வந்தவர்கள் எல்லோரும் சாகவில்லை. பட்டினியாலும் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் விழுந்தவர்கள் நான்கு வேளை கஞ்சியும் சுத்தமான படுக்கையும் கிடைத்ததும் எழுந்து நடந்தே வெளியே போனார்கள். இதைச் சபையினர் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைக்குரியதும்தான். ஆனால் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. பிழைக்கக்கூடியவர்களும் வருகிறார்கள் என்றால், யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்று பார்த்துப் பிரிக்க ஆள் வேண்டும். சாகப்போகிறவருக்கு அருகில் ஆள் இருந்தால் போதும் என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், மலேரியா வந்தவருக்கு அது போதாது.

லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ராபின் ஃபாக்ஸ் 1994இல் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பின் மையம் இதுதான். அவரை ஏதோ பகைவர் போல இங்கே சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். புண்களைக் கழுவிக் கட்டும் கவனத்தையும், யாருக்கும் கதவு சாத்தாத வழக்கத்தையும், சகோதரிகளின் கனிவையும் அவர் மனதாரப் பாராட்டியிருந்தார். அதே பக்கத்தில், மருத்துவர் எப்போதாவதுதான் வருகிறார், மற்ற நேரங்களில் சகோதரிகளும் தொண்டர்களுமே முடிவெடுக்கிறார்கள், குணமாகக்கூடியவரையும் குணமாகாதவரையும் பிரித்தறிய முறை இல்லை, வலுவான வலி மருந்து இல்லை என்றும் எழுதினார். கடும் காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞருக்கு முதலில் வேறு மருந்து கொடுக்கப்பட்டதையும், பிறகு வந்த மருத்துவர் மலேரியா என்று கருதி மருந்தை மாற்றியதையும் குறிப்பிட்டு, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்திருக்கக் கூடாதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு, இது மருத்துவமனை அல்ல என்பது பதிலாகாது. நான் 6ஆம் தேதி காலை எழுதிய கடைசி வரியை அப்படியே விட்டுவைக்கிறேன், நானே தவறாகச் சொன்னதற்கு அடையாளமாக.

10 செப்டம்பர் 2023

அபினிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலி மருந்தான மார்பின் பற்றி. இதில் அந்த இல்லத்தின் மீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு மருத்துவமனை மார்பின் மாத்திரை வாங்கி வைப்பதற்கே பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்றைப் பெற்றுவருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகி, அபின் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. காஜிப்பூர் அபின் ஆலை கங்கைக் கரையில் இருக்கிறது. அதே கங்கையின் பழைய கிளை ஒன்றின் கரையில்தான் காளிகாட்டும் இருக்கிறது. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது 2014இல்.

ஆனால் இதையே முழுச் சமாதானமாகச் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. அதே சட்டத்தின் கீழ்தான் 1986இல் மும்பையில், சாகும் தறுவாயில் உள்ள புற்றுநோயாளிகளுக்கான சாந்தி அவேத்னா சதன் தொடங்கியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கி, வாய்வழி மார்பினை ஏழை நோயாளியின் வீடுவரை கொண்டுபோனார்கள். அலைந்து மனுப் போட்டவர்களுக்குக் கிடைத்தது. 1979இல் நோபல் பரிசும் 1980இல் பாரத ரத்னாவும் பெற்றவர் ஒரு கடிதம் எழுதியிருந்தால் எந்த அதிகாரியும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

14 செப்டம்பர் 2023

என் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மறக்கவில்லை.

வடக்கு இல்லத்தில் ஆண்கள் பகுதியில் இருபத்திரண்டு கட்டில்கள் இருந்தன. முதல் மூன்று ஞாயிறும் எனக்கு நோயாளிகளைத் தொடும் வேலையே தரவில்லை. போர்வை துவைக்க விட்டார்கள். சிமெண்ட் தொட்டியில் பினாயில் கலந்த நீரில் ஊறிய கம்பளிப் போர்வையை ஒருவர் பிழிய முடியாது. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். முறுக்கு நடுவில் வந்து சேரும்போது போர்வை பாம்பு போலத் துள்ளிக் கையை விட்டு நழுவும். என்னோடு எதிர்முனையில் நின்றவர் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். அவருக்கு வங்காளி தெரியாது, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மூன்று வாரமும் முறுக்கினோம், சிரித்தோம், அவ்வளவுதான்.

நான்காவது ஞாயிறு ஊட்டுகிற வேலை கொடுத்தார்கள். வந்த வேகத்தில் ஒரு தவறு செய்தேன். படுத்திருந்தவர் ‘ஜொல், ஜொல்’ என்று தண்ணீர் கேட்டார். தலையை லேசாகத் தூக்கி டம்ளரைச் சாய்த்துவிட்டேன். புரையேறி, முகம் கறுத்து, கண் செருகியது. இல்லத்தை நடத்திய சிஸ்டர் ஓடிவந்து அவரை உட்கார்த்தி முன்பக்கம் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார். பிழைத்துக்கொண்டார். சிஸ்டர் சோட்டா நாக்பூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண், ஐந்தடிகூட இருக்க மாட்டார். என்னைப் பார்த்து, "தாதா (அண்ணா), வங்கியில் பணத்தை இப்படித்தான் கொட்டுவீர்களா?" என்று கேட்டார்.

பிறகு சொல்லிக் கொடுத்தார். முதலில் தலையணைகளை அடுக்கி உட்கார வைக்க வேண்டும். தாடை மார்பை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். அரைக் கரண்டிதான். பக்கவாதக்காரர் என்றால் செயலுள்ள பக்கத்துக் கன்னத்தில் விட வேண்டும். தொண்டைக்குமிழ் ஒரு முறை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தவர்கள் அங்கே சிஸ்டர்கள் மட்டும்தான்.

அவர் எப்போதும் மேலாடைப் பையில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். அடுப்புக்காக என்று நினைத்திருந்தேன். ஒரு நாள், தொழுநோயால் விரல்களை இழந்த கைரிக்‌ஷாக்காரர் ஒருவரின் உதட்டில் பீடியை வைத்து அவரே பற்றவைத்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

14 செப்டம்பர் 2023, இரவு

மேலே எழுதியதில் விட்டுப்போனது ஒன்று. அங்கே தெலுங்குக்காரர் ஒருவர் இருந்தார். கொல்கத்தாவைச் சுற்றிய சணல் ஆலைகளில் ஆந்திரத்தின் வடகோடியிலிருந்து வந்தவர்கள் நெடுங்காலமாக வேலை செய்து வந்தார்கள்; அவரும் டிட்டாகர் பக்கம் ஓர் ஆலையில் இருந்தவர் என்று மட்டும் தெரியும். பக்கவாதம் வந்தபின் வங்காளியும் இந்தியும் நாவிலிருந்து போய்விட்டன, தாய்மொழி மட்டும் குழறலாக மிஞ்சியது. ‘மதராசி வந்துவிட்டார், இனிக் கவலை இல்லை’ என்று என்னை அவர் கட்டிலுக்கு மொழிபெயர்ப்பாளராக நியமித்தார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கு, தொலைக்காட்சியில் பார்த்த படங்களின் தெலுங்கு. ‘பாகுன்னாரா’ (நன்றாக இருக்கிறீர்களா) என்பேன். அவர் பாகு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

தேநீர் கொடுக்கும்போதெல்லாம் ‘சுட்ட, சுட்ட’ என்பார். சூடு தாங்கவில்லை என்று புரிந்துகொண்டு, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி நன்றாக ஆற்றிக் கொடுப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாயைச் சுத்தம் செய்யும்போது மேல் அண்ணத்தில் வெளுத்துத் தடித்த ஒரு திட்டைப் பார்த்தேன். வாய்ப்புண் என்று முடிவு செய்து, ஊதா நிற ஜென்ஷியன் வயலட் மருந்தைப் பஞ்சில் தொட்டு வாரா வாரம் தடவினேன். ஏழு வாரம் இருந்தார். நிம்தலா சுடுகாட்டுக்கு வண்டியில் ஏற்றியபோது நான் வங்கியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது கட்டிலில் வேறொருவர்.

21 செப்டம்பர் 2023

திருமுழுக்கு பற்றி நான் மழுப்புவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மழுப்பவில்லை, தள்ளிப்போட்டேன்.

சாகிறவர்களுக்கு இரகசியமாகத் திருமுழுக்கு கொடுத்தார்கள் என்பது தெரசாவின் சபையிலிருந்து விலகிய ஒரு முன்னாள் சகோதரி வெளிப்படையாக எழுதிய குற்றச்சாட்டு. சபையினர் எப்போதும் சொல்லிவந்தது வேறு: இந்துவுக்குக் கங்கை நீர், இஸ்லாமியருக்குக் குர்ஆன் ஓதுதல், கத்தோலிக்கருக்கு அவஸ்தைப் பூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு), அவரவர் முறைப்படி அடக்கம். நான் வேலை செய்த இல்லத்தில் கண்டது இரண்டாவதுதான். அதைக் கொண்டு முதலாவது பொய் என்று நிறுவ முடியாது. என் நிலைப்பாடு எளியது. நினைவில்லாதவருக்கு அவர் கேட்காத சடங்கைச் செய்வது, எந்தச் சமயத்தார் செய்தாலும், அவரிடம் மிஞ்சியிருக்கும் கடைசி உடைமையில் கை வைப்பது. ஆனால் இப்படிச் சந்தேகிக்கிறவர்களில் பெரும்பாலோர் தெருவில் கிடப்பவரை எந்தச் சமயத்தின் பெயராலும் தூக்கியதில்லை என்பதும் மனத்தில் வந்து போகிறது. இது வாதம் அல்ல, எரிச்சல் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

"அவர் மட்டும் நவீன மருத்துவமனையில் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டாரே" என்று கேட்டவருக்கு: உண்மை, 1989இல் வைத்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

2 அக்டோபர் 2023

நம்பிக்கை இருப்பவர்களுக்கு இந்த வேலை எளிது, கடவுள் தெம்பு கொடுத்துவிடுவார் என்று ஒருவர் பாதி கிண்டலாகவும் பாதி பொறாமையாகவும் எழுதியிருக்கிறார். தெரசாவைப் பொறுத்தவரை அது தலைகீழ். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் ரயிலில் அழைப்பு வந்தது என்று சொன்னவர், வேலை தொடங்கிய சில காலத்திலேயே கடவுள் முற்றாக மௌனமாகிவிட்டதாகத் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ வாழ்நாள் முடியும்வரை அந்த இருள் நீடித்ததை 2007இல் வெளியான கடிதங்கள் காட்டின. புனிதர் பட்டத்துக்கான பணியை நடத்திய குருவானவரே அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ஒளித்து வைக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெண்களை அடுத்த நாள் காலை எழுப்பியது எது? நான் பார்த்தவரையில், மணி. அதிகாலை ஐந்துக்கு முன்பே எழும் மணி, செபம், திருப்பலி, வேலை, மறுபடியும் செபம். அன்பு பொங்கினாலும் பொங்காவிட்டாலும் மணி அடிக்கும். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு, பரம ஏழைகளுக்குக் கைம்மாறு கருதாத முழுமனச் சேவை என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் (துறவற உறுதிமொழி) தெரசாவின் சபையினர் எடுக்கிறார்கள். வடக்கு இல்லத்து சிஸ்டரிடம் ஒரு முறை, "அலுப்பு வராதா?" என்று கேட்டேன். "வரும். திங்கட்கிழமை நிறைய வரும்" என்றார். நான் திங்கட்கிழமை அங்கே போனதே இல்லை. தொண்டர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்.

தொடக்கத்தில் கேட்ட "நம்பிக்கை இல்லாமல் முடியாதா" என்பதற்கு என் பதில் இதையொட்டியது. முடியும். ஆனால் திங்கட்கிழமைக்கு யார் வருவார் என்பதை எப்படியாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். சம்பளத்தால் ஏற்பாடு செய்யலாம், சட்டத்தால் செய்யலாம், வார்த்தைப்பாட்டாலும் செய்யலாம்.

3 அக்டோபர் 2023

கேரளத்தவர் ஒருவர் நான்காவது வழியைச் சொல்கிறார்: அக்கம்பக்கத்தார். மலப்புறத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிந்த டீக்கடைக்காரரும் ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் முறை வைத்து நோயாளிகளின் வீட்டுக்குப் போகிறார்கள். பின்னால் செவிலியரும் மருத்துவரும் இருக்கிறார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. அங்கே பள்ளிவாசலும் தேவாலயமும் கட்சி அலுவலகமும் ஒரே பட்டியலில் ஆள் அனுப்புவதாக அவர் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என் ‘ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்’ என்ற ஏளனத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஏழு ஞாயிற்றுக்கிழமைக்காரர்களைச் சரியாக அடுக்கினால் ஒரு வாரம் ஆகிவிடும் போலிருக்கிறது.

19 அக்டோபர் 2023

கன்னியர் இல்லம் என்றால் மருந்துக்கு எதிரி என்று இந்த இழையில் ஒரு முடிவு தானாக உருவாகி வருகிறது. அதை உடைக்க ஓர் இல்லத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனின் ஹாக்னியில், ஏழைத் தொழிலாளர் பகுதியில், ஐரிஷ் கன்னியர் சபை ஒன்று 1905 முதல் செயின்ட் ஜோசப் இல்லத்தை நடத்தி வந்தது. அதுவும் இறப்பவர்களுக்கான இல்லம்தான். அன்பும் துணியும் கஞ்சியும் செபமும்தான். 1958இல் அங்கே சிசிலி சாண்டர்ஸ் வந்தார். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன் பிறகு முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவர், ஆனால் கத்தோலிக்கர் அல்லர். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு ஊசி போடுவது என்பதை மாற்றி, வலி வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்து வாய்வழி மார்பின் கொடுக்க வைத்தார். ஒவ்வொருவருக்கும் குறிப்பேடு எழுதினார். நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து அவர்கள் சொல்வதை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார். கன்னியர்கள் எதிர்க்கவில்லை, கற்றுக்கொண்டார்கள். அங்கே பெற்ற ஏழு ஆண்டு அனுபவத்தில்தான் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் எழுந்தது. உலகெங்கும் இன்று நடக்கும் பாலியேட்டிவ் கேர் என்ற வலி தணிப்புச் சிகிச்சை அதன் வழி வந்தது.

ஆகவே காளிகாட்டின் குறைக்கு நம்பிக்கை காரணமல்ல என்று நினைக்கிறேன். ஹாக்னிக்கு ஒரு சாண்டர்ஸ் வந்தார், கதவு திறந்திருந்தது. காளிகாட்டுக்கும் மருத்துவர்கள் வந்தார்கள், கதவும் திறந்துதான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் சொன்னது வழக்கமாக மாறவில்லை. தெரசாவுக்குக் கேட்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1948இல் பட்னாவில் மருத்துவச் சகோதரிகளிடம் செவிலியப் பயிற்சி பெற்றபோது, தம் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழ்வார்கள் என்றாராம். அப்படி இருந்தால் நோய் வந்து செத்துப்போவார்கள், பிறகு யாருக்குச் சேவை செய்வது என்று அங்கிருந்தவர்கள் கண்டித்தார்கள். உடனே ஏற்றுக்கொண்டு உணவு முறையை மாற்றினார். சகோதரிகளின் உடம்பு பற்றிக் கேட்ட காது, நோயாளிகளின் வலி பற்றி அதே அளவு கேட்கவில்லை. துன்பத்தில் கிறிஸ்துவோடு பங்கு கொள்கிறார்கள் என்ற எண்ணம் அங்கே குறுக்கிட்டிருக்கலாம். அந்த எண்ணத்தை ஒருவர் தம் வலிக்குப் பொருத்திக்கொள்ளலாம், பிறர் வலிக்குப் பொருத்தக் கூடாது.

20 அக்டோபர் 2023

நேற்று எழுதியது தீர்ப்பு வழங்கும் தோரணையில் அமைந்துவிட்டது. ஈடுகட்ட இது.

என் தகப்பனார் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள் கிடந்து இறந்தார். மருந்துக்குக் குறைவில்லை. இரத்தத்தை ஆறு மணிக்கொரு முறை சோதித்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு மணிக்கட்டுகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரம் பத்து நிமிடம். உதடு வெடித்திருந்தது. நான் கைக்குட்டையின் முனையை நனைத்து உதட்டில் ஒற்றினேன். செவிலியர் வந்து கூடாது என்றார். அவர் மீது தவறில்லை, அவர் பொறுப்பில் எட்டுக் கட்டில்கள்.

வலி இல்லாமல்தான் போனார் என்று சொன்னார்கள். நம்புகிறேன்.

3 நவம்பர் 2023

ஸ்ரீகாகுளம் பக்கத்தில் பிறந்து சென்னையில் வாழும் வாசகர் ஒருவர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. செப்டம்பர் 14 இரவு நான் எழுதிய குறிப்பைப் பற்றியது. ‘சுட்ட’ என்றால் அவர்கள் பேச்சில் சூடு அல்ல என்கிறார். சூட்டுக்கு ‘வேடி’ என்பார்களாம். சுட்ட என்றால் சுருட்டு. அந்தக் கடலோரத்தில் பெண்களும் சில ஆண்களும் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் வழக்கம் உண்டென்றும், நெடுநாள் அப்படிப் பிடித்தவர்களின் மேல் அண்ணம் வெளுத்துத் தடித்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நான் ஊதா மருந்து தடவிய திட்டு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது மற்றதும் நினைவுக்கு வருகிறது. செயலுள்ள இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து வாயருகே கொண்டுபோவார். பசிக்கிறது என்று புரிந்துகொண்டு நான் கரண்டியை நீட்டுவேன். தேநீர் வந்தவுடன் கேட்டதற்கும் காரணம் தெரிகிறது; தேநீருக்குப் பிறகு ஒன்று பிடிக்கிற வழக்கமாக இருந்திருக்கும். ராபின் ஃபாக்ஸின் மலேரியாக் கேள்வியை செப்டம்பர் ஒன்பதாம் தேதி எவ்வளவு தெளிவாக எடுத்து எழுதினேன் என்று திரும்பப் படித்துப் பார்த்தேன்.

சிஸ்டரிடம் நான் சொன்னது, "தேநீர் சுடுகிறதாம்" என்பதுதான். ஏழு வாரமும் அதைத்தான் சொன்னேன். அவர் பையில் தீப்பெட்டி இருந்தது.